தையல் மெஷினும் கைத்துப்பாக்கியும்

எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு சிங்கர் தையல் மெஷின் இருக்கிறது. பாட்டியிடமிருந்து அம்மாவுக்கு வந்து, அம்மாவிடமிருந்து என்னிடம் வந்து சேர்ந்தது. கறுப்பு உடம்பில் தங்க எழுத்து பாதி அழிந்துவிட்டது. ஆனாலும் காலை வைத்து மிதித்தால் இன்றைக்கும் கடகடவென்று ஓடும். உங்களில் பலர் வீட்டிலும் இப்படி ஒன்று மூலையில் பழைய புடவையைப் போர்த்திக்கொண்டு நிற்கும்.

இந்தச் சாது மெஷினைச் செய்த கம்பெனி ஒரு காலத்தில் கைத்துப்பாக்கியும் செய்தது என்றால் நம்புவீர்களா? நான் நம்பவில்லை. 2019-ம் வருஷம் கோடையில், ஒஹையோ மாநிலத்தில் என் பெரியம்மா பெண் வீட்டில் தங்கியிருந்தபோது, பக்கத்து வீட்டு அம்மாள் இதைச் சொன்னாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"1940-ல் ராணுவம் சிங்கர் கம்பெனிக்கு ஒரு பழகு ஆர்டர் கொடுத்தது. ஐந்நூறே ஐந்நூறு பிஸ்டல். செய்து கொடுத்தார்கள். அதற்குப் பிறகு, 'உங்கள் கைத்திறமைக்கு இது சின்ன வேலை' என்று விமானத்தை நோக்கிக் குறி கணக்கிடும் கருவிகள் செய்யச் சொல்லிவிட்டார்கள். அந்த ஐந்நூறில் ஒன்று இன்று ஏலத்துக்கு வந்தால் லட்சக்கணக்கான டாலர் போகும். உன் பாட்டியின் மெஷினுக்கு என்ன தருவார்கள்?"

"பேரீச்சம்பழம் தருவார்கள்" என்றேன். இதை இங்கிலீஷில் விளக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

அந்த அம்மாளை அக்கா 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவாள். வயது அறுபத்தெட்டு. பள்ளிக்கூடத்தில் டைப்ரைட்டிங் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவள். வெள்ளை முடி, பூப்போட்ட கவுன், தோட்டத்தில் தக்காளிச் செடி. பார்த்தால் மடியில் பூனையும் கையில் பின்னல் ஊசியுமாக இருக்க வேண்டியவள் என்று தோன்றும். அவளோ சமையலறை மேஜையில் ஒரு கைத்துப்பாக்கியைப் பிரித்துப் போட்டு, எலுமிச்சம்பழம் துடைக்கிற மாதிரி ஒவ்வொரு பாகமாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

எனக்குத் துப்பாக்கி என்றால் பயம். அக்காவுக்கு அதைவிடப் பயம். அவள் பிள்ளை படிக்கிற பள்ளிக்கூடத்தில், எவனாவது துப்பாக்கியோடு உள்ளே வந்தால் மேஜைக்கடியில் எப்படி ஒளிவது என்று குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு அந்த ஊரில் ராத்தூக்கம் சரியாக வரவில்லை. ஆகவே நான் டீச்சர் வீட்டுக்குப் போனது துப்பாக்கி பார்க்க அல்ல. அக்கா கொடுத்த ஒரு கிண்ணம் பாயசத்தைக் கொண்டு போய்க் கொடுக்கத்தான். திரும்பி வர மூன்று மணி நேரமாயிற்று.

*

மேஜைமேல் கிடந்தது அமெரிக்க ராணுவத்தின் பாயிண்ட் 45 பிஸ்டல். ஜான் பிரௌனிங் என்ற மேதையின் சிருஷ்டி. யூட்டா மாநிலத்தில் ஆக்டன் என்ற ஊரில், தகப்பனாரின் துப்பாக்கிப் பட்டறையில் வளர்ந்த பையன் அவர். ஆயுளில் 128 காப்புரிமைகள் வாங்கினார். ராணுவத்தார் இந்தப் பிஸ்டலை 6,000 தோட்டா சுட்டுச் சோதித்துப் பார்த்து, 1911 மார்ச் 29-ம் தேதி ஏற்றுக்கொண்டார்கள். அதனால் அதற்கு '1911' என்றே பெயர் நிலைத்துவிட்டது. 1920-களில் கைப்பிடியிலும் விசையிலும் சில்லறைத் திருத்தங்கள் செய்தார்கள். 1985-ல் வேறு பிஸ்டல் வருகிறவரை, இரண்டு உலக யுத்தம், கொரியா, வியட்நாம் எல்லாவற்றுக்கும் இதுதான்.

இரண்டாவது உலக யுத்தத்தில் இதைச் செய்தவர்களின் ஜாபிதாவைக் கேட்டால் வேடிக்கையாக இருக்கும். கோல்ட் கம்பெனி ஒன்றுதான் கைத்துப்பாக்கித் தொழிலில் பழம் பெருச்சாளி. இதாக்கா என்பவர்கள் வேட்டைத் துப்பாக்கிக்காரர்கள். யூனியன் ஸ்விட்ச் அண்டு சிக்னல் என்பது ரயிலுக்குக் கைகாட்டி செய்கிற கம்பெனி. எல்லோரையும்விட அதிகமாக, கிட்டத்தட்ட ஒன்பது லட்சம் செய்து தள்ளியது யார் தெரியுமா? ரெமிங்டன் ராண்டு. ஆம், நம் ஊர்த் தட்டெழுத்துப் பள்ளிகளில் 'ஏஎஸ்டிஎஃப்' பழகின அதே டைப்ரைட்டர்க்காரர்கள்!

டீச்சரின் பிஸ்டலில் மேல் பாகத்தில், அதாவது ஸ்லைடில், ரெமிங்டன் ராண்டு என்று பொறித்திருந்தது. கீழ்ச் சட்டத்தின் நம்பரைப் பார்த்தால் அது கோல்ட் கம்பெனியுடையது. குழலோ மூன்றாவது கம்பெனி. யுத்தம் முடிந்த பிறகு ராணுவப் பட்டறைகளில் ஆயிரக்கணக்கான பிஸ்டல்களை ஒன்றாகக் கழற்றி, நல்ல பாகங்களைப் பொறுக்கி மறுபடியும் பூட்டினார்கள். எதன் தலை எதன் உடம்பில் சேர்ந்தது என்று அவர்கள் பார்க்கவில்லை. யார் வீட்டு அண்டாவுக்கோ யார் வீட்டு மூடியோ, பொருந்தினால் சரி.

"நான் முப்பது வருஷம் ரெமிங்டனில்தான் பிழைத்தேன். இதுவும் ரெமிங்டன் என்று தெரிந்ததும் எனக்கு வந்து சேர வேண்டியதுதான் வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்" என்றாள் டீச்சர்.

*

ஏன் இந்த வயதில் இவளுக்குத் துப்பாக்கி? கேட்டேவிட்டேன்.

ஈரி ஏரிக் கரையில் காம்ப் பெர்ரி என்ற இடம் இருக்கிறது. 1907-ம் வருஷத்திலிருந்து தேசியக் குறிசுடும் போட்டிகள் அங்கே நடந்து வருகின்றன. டீச்சரும் அவள் புருஷனும் கல்யாணமான புதிதில் அங்கே போக ஆரம்பித்தவர்கள். நாம் வருஷா வருஷம் குலதெய்வம் கோயிலுக்குப் போகிற மாதிரி, ஜூலை மாதம் வந்தால் கூடாரமும் சாப்பாட்டுக் கூடையுமாகக் கிளம்பிவிடுவார்களாம். புருஷனிடம் பெரிய பட்டறைக்காரர் ஒருவர் போட்டிக்கென்றே செய்து கொடுத்த பிஸ்டல் இருந்தது. 2011-ல் அவர் காலமானார். ஆஸ்பத்திரிக் கடன் தலைக்கு மேல் நின்றது. காரை விற்றாள். பிறகு அந்தப் பிஸ்டலையும் விற்றாள். வாங்கினவர் பெட்டியோடு எடுத்துப் போகிறபோது, கைப்பிடியில் இருந்த வாதுமை மரப் பலகைகள் இரண்டை மட்டும் நாலு திருகாணிகளைக் கழற்றி எடுத்துக்கொண்டு, வேறு பிளாஸ்டிக் பலகை மாட்டிக் கொடுத்தாளாம். அந்த மரப் பலகைகளை எனக்குக் காட்டினாள். வலது பக்கத்தில் கட்டை விரலுக்குக் கீழே ஒரு பள்ளம். புருஷன் கை தேய்த்த பள்ளம்.

ஏழெட்டு வருஷம் டீச்சர் சுடவேயில்லை. அப்போதுதான் அரசாங்கம் பழைய பிஸ்டல்களை ஜனங்களுக்கு விற்கப் போகிறது என்ற சேதி வந்தது. 1960-களின் தொடக்கத்திலும் இப்படி விற்றிருக்கிறார்கள். அப்போது விலை 17 டாலர்! 2018-ல் அதே சாமான் தரத்துக்குத் தக்கபடி 850, 950, 1,050 டாலர். விண்ணப்பம் போட்டவர்கள் ஏராளம் என்பதால் எல்லாருக்கும் ஒரு நம்பர் கொடுத்துக் குலுக்கிப் போட்டார்கள். குற்றப் பின்னணி உண்டா என்று இரண்டு தடவை விசாரணை. குறிசுடும் சங்கத்தில் அங்கத்தினர் என்று அத்தாட்சி. அதன் பிறகுகூட நேரே வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள். லைசென்ஸ் உள்ள கடைக்கு வரும், அங்கே போய்க் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க வேண்டும். இவ்வளவும் கேட்டு, 'பரவாயில்லையே' என்று நான் நினைத்தது உண்மை. ஆனால் அதே ஊரில் சந்தையில் தனி ஆளிடம் வாங்கினால் இந்தக் கட்டுப்பாடுகளில் பாதி கிடையாது என்று அத்தான் பிறகு சொன்னபோது, நினைத்ததை வாபஸ் வாங்கிக்கொண்டேன். நம் நாட்டில் 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் பிஸ்டலைத் தொட முடியாது. அப்படி இருப்பதே நல்லது என்பது என் அபிப்பிராயம். டீச்சருக்கு அந்த அபிப்பிராயம் இல்லை. இரண்டு பேரும் அதைப் பற்றிச் சண்டை போடாமல் பாயசத்தைப் பற்றிப் பேசினோம்.

டீச்சருக்குக் கிடைத்தது கடைசித் தரம், 850 டாலர். போட்டிக்கென்று புதிதாகச் செய்து வாங்க வேண்டுமானால் பல ஆயிரம் டாலர் ஆகும். அதற்கு வழியில்லை. கிறிஸ்துமஸுக்குப் பிள்ளை அனுப்பிய நானூறு டாலர் பீரோவில் இருந்தது. இந்த நானூறு டாலரில் பழைய ராணுவப் பிஸ்டலை எவ்வளவு தூரம் சீர் செய்ய முடியும்? மறுநாள் காலை அதைத் தெரிந்துகொள்ளத்தான் பட்டறைக்காரரிடம் போகிறாள். "நீயும் வாயேன்" என்றாள். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். போனேன்.

*

பட்டறை என்பது வீட்டுப் பின்புறத்தில் ஒரு கொட்டகை. கடைசல் மெஷின், அரங்கள், எண்ணெய் வாசனை. பட்டறைக்காரர் எழுபதைத் தாண்டியவர். காதில் மிஷின் வைத்துக்கொண்டிருந்தார். டீச்சர் பிஸ்டலை நீட்டியதும், அவர் முதலில் செய்தது, உள்ளே தோட்டா இல்லை என்று பார்த்தது. டீச்சரும் ஏற்கெனவே பார்த்திருந்தாள். இருந்தும் அவர் பார்த்தார். பிறகு என்னையும் பார்க்கச் சொன்னார். "இவளுக்கு ஒன்றும் தெரியாதே" என்றாள் டீச்சர். "காலியாக இருக்கிறது என்று தெரிந்துகொள்ளக் கண் இருந்தால் போதும்" என்றார் அவர்.

அடுத்தபடி பிஸ்டலைக் காதருகே வைத்துக் குலுக்கினார். கிலுகிலுப்பை மாதிரிச் சத்தம் கேட்டது. 'ஐயோ, 850 டாலர்!' என்று என் மனம் பதறியது. அவரோ புன்னகை செய்தார்.

இந்த இடத்தில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. தையல் மெஷின் வைத்திருப்பவர்களுக்குச் சட்டென்று புரியும். இந்தப் பிஸ்டலைச் சுடும்போது குழலும் அதைப் போர்த்திய ஸ்லைடும் ஒன்றோடொன்று பற்றிக்கொண்டு சிறிது தூரம் பின்னால் போகும். பிறகு கீழே உள்ள ஒரு சிறு இணைப்பு, குழலின் வாலைக் கீழே இழுத்துப் பிடியை விடுவிக்கும். ஸ்லைடு மட்டும் பின்னால் போய், சுட்ட கூட்டை வெளியே எறிந்து, ஸ்பிரிங் தள்ள முன்னால் வந்து, அடுத்த தோட்டாவை உள்ளே செருகும். குழல் மறுபடி மேலே எழும்பித் தன் இடத்தில் உட்காரும். கண் இமைப்பதற்குள் இவ்வளவும். குறி தப்பாமல் இருக்க வேண்டுமானால் குழல் ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில், மயிரிழை பிசகாமல் வந்து உட்கார வேண்டும். பாபின் பெட்டி ஆட்டம் கண்டால் தையல் ஒன்று நேராகவும் ஒன்று கோணலாகவும் விழுமே, அதே கதைதான்.

ஆனால் யுத்தக் களத்தில் சேறும் மணலும் புகுந்தாலும் மெஷின் நிற்கக் கூடாது. அதற்காகவே பாகங்களுக்கிடையில் தாராளமாக இடம் விட்டிருந்தார்கள். நாலைந்து கம்பெனிகள் செய்த பாகங்களை மாற்றி மாற்றிப் பூட்டவும் அது வேண்டியிருந்தது. ஆக, அந்தக் கிலுகிலுப்பைச் சத்தம் குறை அல்ல. சிப்பாய்க்கு அதுதான் உயிர். போட்டியில் சுடுகிறவளுக்கோ அதுதான் சத்துரு. மிகவும் இறுக்கினால் குறி பிரமாதமாக இருக்கும். ஆனால் பாதியில் சிக்கி நின்றுவிடும். தளர விட்டால் நிற்காது. ஆனால் குறி இருக்காது. நானூறு டாலரை எந்தப் பக்கம் சாய்ப்பது என்பதுதான் பிரச்னை.

*

கொட்டகைக்கு வெளியே ஒரு மரத்தில் காகிதம் கட்டியிருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். பின்னால் மண் மேடு போட்ட முறையான மைதானம் அது. 25 கஜ தூரத்தில் குறி. மணல் மூட்டைமேல் பிஸ்டலை வைத்து டீச்சர் ஐந்து தோட்டா சுட்டாள். நான் காதில் பஞ்சு, அதன்மேல் மூடி, அதன்மேல் என் இரண்டு கைகள். ஐந்து ஓட்டைகளும் ஒரு பெரிய பூரி அளவுக்குப் பரவியிருந்தன. அளந்தார்கள்: ஐந்து அங்குலம். "ராணுவத்துக்கு இது போதும். மனிதன் பூரியைவிடப் பெரியவன்" என்றார் பட்டறைக்காரர். (பூரி என்பது என் மொழிபெயர்ப்பு.) இந்தப் பரவல் 50 கஜத்தில் இரண்டு பங்காகும். போட்டியில் அந்தத் தூரத்தில் பத்து மார்க் வட்டம் மூன்றரை அங்குலத்துக்கும் கொஞ்சம் குறைவு. அதையும் ஒற்றைக் கையால் நீட்டிப் பிடித்துச் சுட வேண்டும். பிஸ்டலின் எடையோ ஒரு கிலோவுக்கு மேல்.

பிறகு அவர் பேச ஆரம்பித்தார். முதலில் மாகஸின். (நம் பத்திரிகையைச் சொல்லவில்லை, கைப்பிடிக்குள் செருகுகிற ஏழு தோட்டாப் பெட்டியைச் சொல்கிறேன்.) பிஸ்டல் சிக்குகிறது, மக்கர் செய்கிறது என்று வருகிறவர்களில் பெரும்பாலோருக்குக் கோளாறு பிஸ்டலில் இல்லையாம், இந்தத் தகரப் பெட்டியின் வாய் நசுங்கியிருப்பதில்தானாம். இரண்டு புதுப் பெட்டி, 60 டாலர். அதற்கடுத்தபடி ஸ்பிரிங்குகள். எழுபத்தைந்து வருஷத்து ஸ்பிரிங் எந்த யுத்தத்தில் எவ்வளவு சுருங்கி விரிந்ததோ, யார் கண்டது? சோர்ந்த ஸ்பிரிங் இருந்தால் ஸ்லைடு வேகமாகப் பின்னால் வந்து சட்டத்தை அடித்து அடித்துக் கடைசியில் உடைக்கும். எல்லாம் சேர்த்து 20 டாலர். "இந்த 80 டாலருக்கு மேல் ஒரு காசு செலவழிக்காமல் போனாலும் நீ பாதிக் கிணறு தாண்டியாயிற்று" என்ற மாதிரி ஏதோ சொன்னார்.

மூன்றாவதுதான் நிஜமான வேலை. ஸ்லைடின் மூக்கில், குழலைத் தாங்கிப் பிடிக்க ஒரு வளையம் இருக்கிறது. புஷ் என்கிறார்கள். டீச்சரின் பிஸ்டலில் அதை இரண்டு விரலால் சுண்டினாலே சுற்றியது. புதிதாகச் சற்றுப் பெரிதாக ஒரு வளையம் வாங்கி, அதை அரத்தாலும் சாணைக் காகிதத்தாலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, ஸ்லைடுக்கும் குழலுக்கும் நடுவில் இறுக உட்கார வைக்க வேண்டும். இதில் ஒரு தர்மம் உண்டு. புதுச் சாமானைத்தான் தேய்க்க வேண்டும், பழைய பிஸ்டலை ஒருக்காலும் தேய்க்கக் கூடாது. சாமானும் கூலியுமாக 90 டாலர். குழலையே மாற்றினால் இன்னும் நன்றாக இருக்குமே என்று டீச்சர் ஆசையாகக் கேட்டாள். அவர் ஒரு சின்ன அளவு கோலைக் குழலின் வாயில் விட்டுப் பார்த்துவிட்டு, "இந்தக் குழல் அதிகம் சுடப்படவில்லை. நல்ல குழலைத் தூக்கி எறிந்துவிட்டு உன் மகன் பணத்தை நான் வாங்கமாட்டேன்" என்றார்.

குறி பார்க்கிற முள் அந்தக் காலத்தில் மிளகளவு. வெள்ளெழுத்துக் கண்ணுக்கு அது தெரியுமா? உயரமான முன் குறி, அகலமான பள்ளமுள்ள பின் குறி இரண்டும் மாற்ற 125 டாலர். ஸ்லைடில் புதிதாக ஒரு கீறல்கூடப் போடாமல், இருக்கிற துளையிலும் காடியிலுமே உட்காருகிற ஜாதியாகப் பார்த்து எடுத்தார்.

விசைக்கு வந்தபோதுதான் மனிதரின் முகம் மாறியது. சிப்பாயின் பிஸ்டலில் விசையை இழுப்பது, துருப்பிடித்த தாழ்ப்பாளை இழுக்கிற மாதிரி கரகரவென்று இருக்கும். போட்டிக்காரர்களுக்கு அது வெண்ணெய் மாதிரி வேண்டும். உள்ளே சுத்தியலின் கொக்கியும் அதைப் பிடித்திருக்கும் ஒரு சிறு நாக்கும் தொடுகிற இடம் தலைமயிர் கனம்தான். அதை மழமழப்பாக்கினால் போதும். எல்லை தாண்டினால் நாக்கு கொக்கியைப் பிடிக்காது. ஒரு தடவை இழுத்தால் பிஸ்டல் தானாகவே இரண்டும் மூன்றும் சுட்டுவிடும். கீழே வைக்கும்போதே வெடித்தாலும் வெடிக்கும்.

"போன வருஷம் ஒரு பையன் வந்தான். சமையலறை மேஜையில் உட்கார்ந்து, புத்தகத்தைப் பார்த்து, அவனே தேய்த்திருக்கிறான். ஒரு குண்டு காகிதத்தில், இன்னொன்று கூரையில். பக்கத்து அறையில் தொட்டிலில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்ததாம். அந்தச் சாமான்களை அவன் கண் எதிரிலேயே இடுக்கியில் வைத்து நசுக்கினேன். அவன் கோபித்துக்கொண்டு போனான்" என்றார்.

டீச்சருக்கு மூன்றரைப் பவுண்டு இழுப்பு வேண்டும் என்று ஆசை. புருஷனுடையது அப்படித்தான் இருந்ததாம். "அது போட்டிக்கென்றே பிறந்த பிஸ்டல். இது சிப்பாய். நாலரைப் பவுண்டுக்குக் கீழே நான் கொண்டுவரமாட்டேன்" என்றார் அவர். 'சர்வீஸ் பிஸ்டல்' போட்டி விதிப்படியே குறைந்தது நாலு பவுண்டு இருந்தாக வேண்டும். அரைப் பவுண்டு தன் மனச்சாட்சிக்கு என்றார். டீச்சர் பத்து நிமிஷம் வாதாடினாள். காதிலிருந்த மிஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுவிட்டார்! புதுச் சுத்தியலும் நாக்கும் ஜோடியாகப் போட்டு, 120 டாலர்.

கூட்டிப் பார்த்தேன்: 415 டாலர். பீரோவில் இருப்பது நானூறு. பதினைந்து டாலருக்கு ஆப்பிள் பை ஒன்று தருவதாக ஒப்பந்தமாயிற்று. நம் ஊரில் கொல்லன் பட்டறையில் கூலிக்கு நெல் அளந்த காலம் ஞாபகம் வந்தது.

*

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஓர் இளைஞன் உள்ளே வந்தான். தாத்தாவின் பிஸ்டலாம். முழுக்க முழுக்க இதாக்கா, ஒரு பாகம்கூட மாறவில்லை. தாத்தா யுத்தத்திலிருந்து கொண்டு வந்து காலுறைக்குள் சுற்றி வைத்திருந்தாராம். அதைப் பளபளவென்று வெள்ளி முலாம் பூசி, ஸ்லைடை வெட்டிப் புதுக் குறி வைத்து, கைப்பிடிக்குப் பின்னால் வால் மாதிரி ஒன்று ஒட்ட வேண்டும் என்றான். கையில் ஆயிரம் டாலர் வைத்திருந்தான். பட்டறைக்காரர் மாட்டேன் என்றார். அவன் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. "இதை எண்ணெய் போட்டு வை. சுடுவதற்கு இந்தச் சைனியத்துக் கலப்படம் மாதிரி ஒன்று வாங்கிக்கொண்டு வா, நீ சொன்னதெல்லாம் செய்கிறேன்" என்று டீச்சரின் பிஸ்டலைக் காட்டினார். இவர் மாட்டேன் என்றால் அவன் வேறு யாரிடமாவது போய்ச் செய்துகொள்வான், ஆயிரம் டாலர் போச்சே என்றுதான் எனக்குத் தோன்றியது. டீச்சரிடம் சொன்னேன். "போகட்டும். வேறு யாரோ ஒருவர் அதைக் கெடுக்கட்டும்" என்றாள்.

அப்படியானால் டீச்சருடையதை மட்டும் தொடலாமா? அது ஏற்கெனவே மூன்று கம்பெனிக் கலப்படம் என்பது ஒரு சமாதானம். ஆனால் இன்னொரு சிக்கல் இருந்தது. காம்ப் பெர்ரியில், ராணுவம் கொடுத்தபடியே இருக்கிற 1911-களுக்கென்று தனியாக ஒரு போட்டி நடத்துகிறார்கள். அதில் டீச்சர் சும்மாவே கலந்துகொள்ளலாம், ஒரு காசு செலவில்லாமல். புதுக் குறி வைத்துவிட்டால் அதில் சேர்க்கமாட்டார்கள். அவள் ஆசைப்பட்டதோ புருஷன் சுட்ட பெரிய போட்டி. பட்டறைக்காரர் ஒரு காக்கி உறையை எடுத்து, பழைய புஷ், பழைய சுத்தியல், பழைய குறிகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அதில் போட்டு, பிஸ்டலின் நம்பரை மேலே எழுதினார். "எப்போது வேண்டுமானாலும் திருப்பிச் சிப்பாய் ஆக்கிவிடலாம்" என்றார்.

இன்னொன்றும் கண்டிப்பாகச் சொன்னார். அந்தக் கால ஸ்லைடுகளை இக்காலத்தது போல் முழுக்கக் காய்ச்சிக் கெட்டிப்படுத்தவில்லை, சில இடங்களை மட்டுமே கெட்டிப்படுத்தினார்கள். ஆகவே கடைகளில் விற்கும் கடுமையான தோட்டாக்களைப் போட்டால் விரிசல் விடும். லேசான தோட்டாதான் போட வேண்டும். குறி பார்த்துச் சுட அதுவே நல்லது, கையும் நோகாது.

*

பெண் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு ஒரு சேதி. 1984-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில்தான் பெண்களுக்கென்று பிஸ்டல் போட்டி முதன்முதலாக வந்தது. தங்கம் வாங்கியவர் கானடாவின் லிண்டா தாம். பாரிஸில் சமையல் கலை படித்தவர். குழந்தைகளை வளர்ப்பதற்காகத் துப்பாக்கியை மூட்டை கட்டி வைத்துவிட்டுச் சில வருஷம் கழித்துத் திரும்பி வந்தவர். அமெரிக்காவின் ரூபி ஃபாக்ஸும் அவரும் சமமாக வர, மறுபடியும் சுடச் சொல்லித் தீர்மானித்தார்கள். டீச்சர் வீட்டுச் சமையலறையில் ரூபி ஃபாக்ஸின் படம் மாட்டியிருக்கிறது.

துப்பாக்கியின் உள்ளே ஒரு சிறு பாகம் என்ன பாடு படுத்தும் என்பதை நாமும் பார்த்திருக்கிறோம். 2021-ல் டோக்கியோவில் நம் மனு பாக்கர் நன்றாகச் சுட்டுக்கொண்டிருக்கும்போது நடுவில் அவருடைய பிஸ்டல் பழுதாகிவிட்டது. அதைச் சரி செய்வதற்குள் நிமிஷங்கள் ஓடிவிட்டன, இறுதிச் சுற்றுக்கு வர முடியவில்லை. அதே பெண் 2024-ல் பாரிஸில் இரண்டு வெண்கலம் வாங்கினார். டோக்கியோச் சேதியை நான் டீச்சருக்கு எழுதியபோது, உடனே ஒரே வரியில் பதில் வந்தது: "எந்தப் பாகம்?"

*

நான் ஊர் திரும்புவதற்கு முந்தின நாள் பிஸ்டல் வந்துவிட்டது. மறுபடி அதே மணல் மூட்டை, அதே 25 கஜம், அதே ஐந்து தோட்டா. இந்தத் தடவை பஞ்சு மட்டும் வைத்து மூடி போட்டுக்கொண்டேன், கைகள் தேவைப்படவில்லை. ஓட்டைகள் ஐந்தும் ஒரு கமலா ஆரஞ்சுக்குள் அடங்கும். மூன்று அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. பட்டறைக்காரர் பிஸ்டலைக் காதருகே வைத்துக் குலுக்கினார். மெல்லியதாக ஒரு சத்தம் மிச்சம் இருந்தது. அதை வேண்டுமென்றே விட்டிருந்தாராம்.

டீச்சர் கைப்பையைத் திறந்து அந்த வாதுமைப் பலகைகளை எடுத்தாள். நாலு திருகாணி. பள்ளம் விழுந்த பக்கத்தில் அவள் கட்டை விரல் சரியாகப் பொருந்தவில்லை. புருஷன் கை பெரிது. "இதைக் கொஞ்சம் மரப்பசை போட்டு நிரவித் தரட்டுமா? காசு வேண்டாம்" என்று கேட்டார் பட்டறைக்காரர். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் பிஸ்டலை இரும்புப் பெட்டியில் வைத்து, தோட்டாக்களை வேறொரு பெட்டியில் வைத்து, இரண்டு சாவிகளையும் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டாள். பேரன்கள் வருகிற வீடு. அக்கா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "சாவியைப் போட்டாளா?" என்று என்னைக் கேட்டாள். போட்டாள் என்றேன்.

அந்த வருஷம் இலையுதிர் காலத்தில் சங்கத்துப் போட்டியில் டீச்சர் 300-க்கு 243 வாங்கினாள். புருஷனின் கடைசி மதிப்பெண்ணுக்கு அது வெகு தூரம். காகிதத்தை மடித்துக் கடிதத்தோடு எனக்கு அனுப்பியிருந்தாள். அதில் 50 கஜத்தில் சுட்ட பத்தில் இரண்டு காகிதத்திலேயே படவில்லை. ஓரத்தில் பென்சிலால் 'இது என் தப்பு, பிஸ்டலின் தப்பு அல்ல' என்று எழுதியிருந்தது. அடுத்த பாராவில், உன் பாட்டியின் மெஷினில் பாபின் பெட்டியைக் கடைசியாக எப்போது மாற்றினாய் என்று விசாரித்திருந்தாள்.